முகம் வந்தது, எழுத்து வரவில்லை

சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். மாணவியருக்குக் கட்டுரைக்குப் பதிலாகக் கணினியில் திட்டப்பணி கொடுக்கலாமா, கொடுத்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று. உங்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. "தாராளமாகக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான், அது பதிலே இல்லை என்று தோன்றியது. வகுப்பறையில் பாதி வாழ்நாளைக் கழித்தவளுக்கு நேர்ப்பேச்சைவிட எழுத்தில்தான் நிதானம் வருகிறது. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரிக்குக் கணினிகள் வந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். பழைய மனையியல் அறையைக் காலி செய்து, குளிர்சாதனம் பொருத்தி, கனத்த திரைச்சீலை போட்டு, அந்தப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசு படக்கூடாது என்பது காரணம். ஆனால் மாணவியர் வாசலில் நின்று தாவணியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு நுழைவதைப் பார்த்தால், கருவறைக்குள் போகிறார்களோ என்று தோன்றும். ஆயுதபூசையன்று ஒவ்வொரு திரைக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். குங்குமம் சிந்தி விசைப்பலகைக்குள் போய்விடுமோ என்று ஆய்வக உதவியாளர் கையை ஏந்திக்கொண்டே பின்னால் வருவார்.

நான் வரலாற்றுத் துறை. இறுதியாண்டில் வட்டார வரலாறு என்றொரு தாள் எங்களுக்கு இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் கட்டுரை எழுதச் சொல்வோம். நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்திலிருந்து எல்லோரும் எடுத்தெழுதுவார்கள். அந்தப் புத்தகத்தில் ஓர் அரசரின் பட்டப்பெயர் தவறாக அச்சாகியிருந்தது. வகுப்பு முழுவதும் அந்தத் தவறை அழகான கையெழுத்தில் எழுதித் தரும். அதைத் திருத்தித் திருத்திச் சலித்துப்போயிருந்த ஓராண்டில், சிறு குழுக்களாகப் பிரிந்து அவரவர் ஊரைப் பற்றிக் கணினியில் பக்கங்கள் உருவாக்கட்டும், வரைபடத்தில் ஊர்ப்பெயரைத் தொட்டால் அந்த ஊர் திறக்கட்டும் என்று ஒரு யோசனையைத் துறைக் கூட்டத்தில் வைத்தேன்.

எங்கள் துறைத் தலைவர் ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த அம்மையார். கணினியின் பெயரைச் சொல்ல மாட்டார். "அந்தப் பெட்டி" என்பார். அதன் சுட்டியைத் தொட்டதில்லை, தொடும் ஆவலும் அவருக்கு இல்லை. என் யோசனையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அந்தப் பெட்டிக்குள்ள என்னத்தப் போட்டாலும் கடைசியில மார்க் போடுதது நாமதானம்மா? செய்ங்க. ஆனா ஒண்ணு. பிள்ளைக எழுதணும். படத்தப் போட்டு நிரப்பிட்டுப் போயிரக் கூடாது."

அவருடைய ஒரே நிபந்தனை அதுதான்.

மூன்று பேர் கொண்ட ஒரு குழுவைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சண்முகவடிவு கல்லிடைக்குறிச்சிப் பெண். அவள் தகப்பனார் அங்கே சிறிய அளவில் அப்பள வியாபாரம் செய்துவந்தார். இசக்கியம்மாள் சீவலப்பேரி, வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். அமலி புன்னக்காயல், விடுதியில் தங்கிப் படித்தவள். ஆறு மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் ஓர் ஊர், சிற்றாறு வந்து சேரும் இடத்தில் ஓர் ஊர், கடலில் கலக்கும் முகத்தில் ஓர் ஊர். இப்படி ஒரே நூலில் கோத்ததுபோல அமைந்தது தற்செயல்தான். வடிவும் இசக்கியும் தினமும் வந்துபோகிறவர்கள்; அமலி மூவருக்குமாக மாலையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வாள். ஃபிளாப்பி என்ற நெகிழ்வட்டில் ஈரம் படாமல் இருக்க வேண்டுமென்று இசக்கி அதைச் சாப்பாட்டுப் பையில் வைக்காமல், ஏட்டின் நடுவே பாடம் பண்ணின இலையைப்போல வைத்து எடுத்துவருவாள்.

நன்றாகவே செய்தார்கள். எழுதவும் செய்தார்கள். தலைவர் அச்சுப்படியை வாங்கி வாசித்துவிட்டு, வழக்கமாக ஓரத்தில் போடும் கேள்விக்குறிகளில் பாதியைக்கூடப் போடாமல் திருப்பித் தந்தார்.

கடைசிப் பக்கத்தில், அவரவர் ஊரைப் பற்றிய முடிவுரைக்கு மேலே, தங்கள் புகைப்படங்களை வைத்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. நம் கல்லூரிகளில் இறுதியாண்டில் குழுப்படம் எடுத்து, 'அமர்ந்திருப்போர், நிற்போர்' என்று பெயர்களை அச்சிட்டு, சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறோம் அல்லவா? ஒரு வேலையை முடித்தவர்கள் கடைசியில் வரிசையாக நின்று முகம் காட்டுவது எங்கள் பிள்ளைகளுக்கு இயல்பான மரியாதை. அந்த வழக்கத்தைத்தான் அவர்கள் கணினிக்குள்ளும் கொண்டுபோனார்கள். அமலி கோயில் திருவிழாவில் எடுத்த படம் கொண்டுவந்தாள். இசக்கியிடம் தேர்வு நுழைவுச்சீட்டுப் படம்தான் இருந்தது. "அதுல நான் திருடி மாதிரி இருக்கேன் மிஸ்" என்று சொல்லி, தன் இடத்தில் ஆறுகள் கூடும் இடத்தின் படத்தை வைத்துக்கொண்டாள். வடிவு கொண்டுவந்த படம் மிக அழகாக இருந்தது. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த ஸ்டுடியோ படம்.

அம்பாசமுத்திரம் ஸ்டுடியோவில் அந்தப் படத்தை எதற்காக எடுத்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் இருந்தவரையில் அந்தப் பக்கங்களை எங்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு, அமலி அவற்றைப் பாளையங்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய், இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் ஏற்றிவிட்டாள். அவளுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வீட்டுக்கு வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் தங்கை செய்ததை அவன் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். ஏற்றிய பிறகு இதை அவள் தோழிகளிடம் சொன்னாள்; அவர்களும் மகிழ்ந்தார்கள். குற்றம் சொல்ல இதில் யாரும் இல்லை. இணையம் என்பதை அவர்கள் அண்ணனிடம் போய்ச் சேரும் ஒரு தபாலாக நினைத்தார்கள். அந்தத் தபாலை யாரும் பிரித்துப் படிக்கலாம் என்பது எங்களில் எவருக்கும் உறைக்காத காலம் அது.

வெளியூர் போனவர்கள் அந்தக் காலத்தில் கணினி முன்னால் உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? சொந்த ஊரின் பெயரை ஆங்கிலத்தில் தட்டித் தேடுவார்கள். பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலைசெய்த கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் அப்படித் தேடினார். தலைப்பில் ஊர்ப்பெயரை ஆங்கிலத்திலும் போட்டிருந்த எங்கள் பிள்ளைகளின் பக்கங்கள் திறந்தன. கடைசிப் பக்கத்தில் இருந்த வடிவின் முகத்தை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். அவருடைய தம்பிக்காக வந்திருந்த சாதகத்தோடு, மஞ்சள் தடவிய உறைக்குள், அதே புடவையில், அதே தூணுக்கு முன்னால்.

ஒரு பிப்ரவரி மாத முற்பகல். வகுப்பை முடித்துக்கொண்டு துறைக்குள் நுழைகிறேன். வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக வடிவு. அழுது முடித்திருந்த முகம்.

"டீச்சர், எனக்கு ஒரு சண்டையும் வேண்டாம்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "எம்பிள்ளைக்கு டி.சி.ய மட்டும் கொடுத்திருங்க. நான் பைய கூட்டிட்டுப் போயிருதேன்."

இறுதிப் பருவத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டால் மூன்றாண்டுப் படிப்பு பட்டமில்லாமல் நின்றுவிடும். அந்தக் காலத்தில் அப்படிப் பாதியில் போன பெண்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

"என்ன விஷயம் அண்ணாச்சி? மொதல்ல ஒக்காருங்க," என்றார் எங்கள் தலைவர்.

"ஒக்கார வரல டீச்சர். பெங்களூர்ல இருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்கு அண்ணன் பேசுதாரு. 'என்ன மாமா, பொண்ணு போட்டோவ எங்களுக்கு மட்டும்தான் கொடுத்தியன்னு நெனச்சோம், ஒலகம் பூரா கொடுத்திருக்கியளே'ன்னு கேக்காரு. சிரிச்சுக்கிட்டே கேக்காரு டீச்சர். சத்தம் போட்டிருந்தாக்கூட நான் தாங்கிக்கிட்டிருப்பேன்."

நான் வாயைத் திறந்தேன். இது பாடத்திட்டத்தில் ஒரு பகுதி, மாணவியருக்கு மதிப்பெண் உண்டு, எதிர்காலத்தில் இதெல்லாம் எவ்வளவு தேவைப்படும் தெரியுமா என்று ஒரு சொற்பொழிவே தொண்டையில் தயாராக இருந்தது. "அதாவது, இது எங்க பாடத்திட்டத்துல..." என்று தொடங்கிவிட்டேன். மேசைக்கடியில் தலைவரின் கால் என் கால்மேல் அழுந்தியது. நிறுத்திக்கொண்டேன்.

"டி.சி. எழுதுத ஆளு நான் இல்ல அண்ணாச்சி," என்றார் தலைவர். "அதுக்கு ஆபீஸுக்குப் போகணும். லைப்ரரில கையெழுத்து வாங்கணும். விளையாட்டு டீச்சர் கையெழுத்துப் போடணும், அவ இன்னைக்கு லீவு. எப்படியும் சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் இங்கன இருங்க. நான் ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்கிடாதிய. நீங்க பாத்தியளா?"

"எத?"

"அந்தப் பெட்டியில போட்டோ வந்திருக்குன்னு சொல்லுதியளே, அத."

"நான் எங்க போய்ப் பாக்க?"

"நானும் பாக்கல. இந்தா நிக்காளே உங்க பொண்ணு, ஏட்டி, நீ பாத்தியா?"

வடிவு தலையை ஆட்டினாள். அவளும் பார்த்திருக்கவில்லை. அந்த அறையில் இருந்த எவரும் அந்தப் பக்கத்தை இணையத்தில் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றுக்காக ஒருவர் மகளின் படிப்பை நிறுத்த வந்திருந்தார். பார்க்காத ஒன்றை நான் விளக்கப் புறப்பட்டிருந்தேன்.

அமலியை அழைத்துவர ஆள் அனுப்பினோம். மூச்சிரைக்க ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டாள்.

"இப்பவே போய் அழிச்சிருதேன் மிஸ். பாஸ்வேர்ட் எங்கிட்டதான் இருக்கு. பத்தே நிமிஷத்துல ஒண்ணுமே இல்லாம ஆக்கிருதேன்."

அதற்குள் செய்தி முதல்வர் அறைக்கும் போயிருந்தது. அங்கிருந்து வந்த குறிப்பும் அதையேதான் சொன்னது: உடனே நீக்குங்கள், அந்தத் திட்டப்பணிகளை நிறுத்துங்கள், பழையபடி கட்டுரை வாங்குங்கள். கல்லூரிக்கு அதுதான் பாதுகாப்பு. அமலிக்கும் அதுவே ஆறுதல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திட்டப்பணியைக் கொடுத்தவள் நான்.

"அழிக்காதே," என்றேன்.

என் கணக்கு இதுதான். அவர் பார்ப்பதற்கு முன்னால் அழித்துவிட்டால், அங்கே என்ன இருந்தது என்று அவருக்குக் காட்ட எங்களிடம் எதுவும் மிஞ்சாது. இல்லாமல் போன பக்கம் அவர் மனத்தில் நாளுக்கு நாள் வளரும். ஊரார் வாயில் இன்னும் வளரும். அழிப்பது ஒரு நொடி வேலை. அதை அவர் கண்முன்னால், அவர் பார்த்த பிறகு, செய்துகொள்ளலாம். நெருக்கடியில் கை முதலில் போகும் இடம் அழிக்கும் பொத்தான்தான். உங்களுக்கும் அந்த நேரம் வரும். அப்போது, யாருக்காக அழிக்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"அப்பா வந்து பார்க்கட்டும். பிறகு அவர் சொல்கிறபடி செய்வோம்," என்றேன். தலைவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "நானும் வாரேன். அந்தப் பெட்டி என்னதான் பேசுதுன்னு பாப்போம்."

ஆய்வகத்தில் அப்போது இணைய வசதி கிடையாது. ஆகவே ஐந்து பேரும் வெயிலில் நடந்தோம். முன்னால் அவர், சற்றுத் தள்ளி வடிவு, அவளுக்குப் பின்னால் அமலி, கடைசியில் நாங்கள் இருவரும்.

பிரவுசிங் சென்டரில் ஒட்டுப்பலகை தடுத்த சிறு அறைகள். அன்று மதியம் அங்கே இருந்தவர்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள். நூல்புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக நாங்கள் நுழைந்ததும் ஒரு தடுப்புக்குப் பின்னாலிருந்து, "ஏலே, மூடுலே, மிஸ்மாரு வந்திருக்காவ!" என்று ஒரு குரல். நாற்காலிகள் நகரும் ஓசை கேட்டது. முழுக்க ஐந்து நிமிடம் ஆவதற்குள் கடை காலியாகிவிட்டது. கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதையும் வருத்தமும் சம அளவில் இருந்தன.

அமலி முகவரியைத் தட்டினாள். தொலைபேசி வழி இணைப்பு கிறீச்சிட்டுக் கூவி ஓய்ந்தது. வெள்ளைத் திரை. பிறகு மேலிருந்து கீழாக, தறியில் இறங்கும் துணிபோல, படம் வரிவரியாக வரத் தொடங்கியது. முதலில் ஸ்டுடியோ திரைச்சீலை. பிறகு பூ. பிறகு வகிடு. பிறகு நெற்றி. அங்கே ஒரு கணம் நின்றது. வடிவின் தகப்பனார் தம்மை அறியாமலே அமலியின் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டிருந்தார். கண்கள் வந்தன, முழு முகமும் வந்தது. அவர் பெருமூச்சு விட்டார். என்ன எதிர்பார்த்து வந்தாரோ தெரியாது. அங்கே இருந்தது அவர் மகளின் முகம், அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"கீழ நான் எழுதினது இருக்குப்பா," என்றாள் வடிவு. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

கீழே பார்த்தோம். படத்துக்கடியில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஆங்கில எழுத்துகளுக்குக் கொம்பும் கொக்கியும் முளைத்ததுபோல ஏதோ கிறுக்கல்கள் பக்கம் முழுவதும் பரவிக் கிடந்தன. அமலி திகைத்தாள். ஏற்றிய அன்று படங்கள் வந்துவிட்டனவா என்று மட்டும் பார்த்திருக்கிறாள். கடையை மூடும் நேரமாகிவிட்டதால் மேலே பார்க்கவில்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஃபாண்ட் இங்கன இல்லக்கா. உங்க காலேஜ் கம்ப்யூட்டர்ல இருந்தாத்தான் எழுத்தாத் தெரியும். வேற எங்க தொறந்தாலும் இப்பிடித்தான் வரும்," என்றார்.

இப்போதெல்லாம் எந்த மூலையில் திறந்தாலும் தமிழ் தமிழாகத் தெரிகிறது; இந்தத் தொல்லை உங்களுக்குக் கதைபோலத் தோன்றும். அன்று ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தோம். ஓரிடத்துத் தமிழ் அடுத்த இடத்தில் கிறுக்கலாகிவிடும். பெங்களூர்க்காரர் பார்த்ததும் இதைத்தான். கல்லிடைக்குறிச்சியின் அக்கிரகாரத் தெருக்கள், படித்துறைகள், அப்பளம் இடும் வீடுகள் என்று வடிவு வாரக்கணக்கில் திரட்டி எழுதியவற்றில் ஒரு வார்த்தையும் அவரிடம் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணின் முகம் மட்டும். சொல் எல்லாம் உதிர்ந்துபோய் முகம் மட்டும் ஊர் சுற்றினால், பார்க்கிறவர் அதற்குத் தாமே ஒரு பொருள் எழுதிக்கொள்ளத்தானே செய்வார்? அவரை நொந்து பயனில்லை என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் எழுத வேண்டும், படம் போட்டு நிரப்பக் கூடாது என்று தலைவர் விதித்த நிபந்தனையை எங்கள் பிள்ளைகள் மீறவில்லை; இயந்திரம் மீறியிருந்தது.

"என்ன எழுதியிருக்க?" என்றார் தகப்பனார்.

"அப்பளத்தப் பத்தி."

"அதுல எழுத என்ன இருக்கு?"

வடிவு திரைக்கு முன்னால் வந்து நின்றாள். அந்தக் கிறுக்கலைப் பார்த்தபடியே, வாசிப்பவளைப்போலச் சொல்லத் தொடங்கினாள். தானே எழுதித் தானே திருத்தியது; மனப்பாடமாக இருந்தது.

"எங்கள் ஊர் அப்பளத்தின் பெயர் எங்கெங்கோ தெரியும். ஆற்றுத் தண்ணீரின் ருசி என்று அதைப் புகழ்வார்கள். கட்டின்மேல் கடையின் பெயர் இருக்கும், ஊரின் பெயர் இருக்கும். அப்பளம் இட்டவர்களின் பெயர் எந்தக் கட்டிலும் இருக்காது. எங்கள் வீட்டில் உளுந்து மாவை இடித்துப் பிசைந்து உருட்டுகிறவர் என் அம்மா. பக்கத்து வீட்டு அக்காமார் கூட உட்காருவார்கள். மழை மேகம் கண்டால் முதலில் எழுந்து ஓடுவது அம்மாதான். காய்ந்துகொண்டிருக்கும் அப்பளத்தை அள்ளுவதற்காக, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். ஓர் ஊரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கோயிலைக் கட்டியவரின் பெயரைத் தேடுகிறார்கள். நான் இதைத் தேடினேன்."

அவள் நிறுத்தினாள். அதற்கு மேலும் எழுதியிருந்தாள், எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு நன்றாக எழுதும் பெண்ணை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற தலைவர் இந்த முறை என் காலை மிதிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு அப்போது புரிந்துவிட்டது. இது ஒரு தகப்பனும் மகளும் பேச வேண்டிய நேரம். ஆசிரியர் என்பவர் நடுவில் நிற்காமல் விலகி நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. விலகுவது, போய்விடுவது ஆகாது. நாங்கள் அங்கேயே நின்றோம்.

தகப்பனார் திரையில் இருந்த படத்தைக் காட்டினார். "போட்டோவ எடுத்துரு."

"சரிப்பா," என்றாள் வடிவு. "நானே சொல்லணும்னு இருந்தேன். அது எம்படம்னுதான் கொண்டுவந்தேன். நீங்க அத எங்கெங்க அனுப்பியிருக்கியன்னு எனக்குத் தெரியாது."



அமலி படத்தை நீக்கினாள். தன் படத்தையும் சேர்த்தே நீக்கினாள், யாரும் சொல்லவில்லை. பக்கத்தை மறுபடி திறந்தபோது, இசக்கியின் கூடுதுறை மட்டும் வரிவரியாக இறங்கி வந்தது. புகைப்படம் இல்லாதவள் ஒருத்திதான் முழுதாக மிஞ்சியிருந்தாள்.

"பேரையும் எடுத்துரு," என்றார் அவர்.

"அது முடியாதுப்பா."

"ஏட்டி."

"எழுதினது நான். எழுத்து இங்கன தெரியாட்டாலும் நான்தான் எழுதினேன். போட்டோவ எடுத்தாச்சு. பேர எடுத்தா, நான் காலேஜுக்கே வரலன்னு ஆயிரும். டி.சி. வாங்கணும்னா வாங்குங்க. பேர எடுக்காதிய."

மகள் தன்னை எதிர்த்துப் பேசி அவர் அதுவரை கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கோபப்படுவார் என்று காத்திருந்தோம். அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் எத்தனை முறை சொல்லியும் காலையிலிருந்து உட்காராதவர்.

"பேரு இருக்கட்டும்," என்றார் கடைசியில். "ஆனா ஒத்தப் பேரா, கேக்க நாதியில்லாத மாதிரி இருக்கக் கூடாது. இன்னாரு மகள்னு எம்பேரையும் போடு. எவனாவது கேட்டா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

எனக்குள் ஒரு முள் தைத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு பெண் எழுதியதற்குக் காவலாக அவள் தகப்பன் பெயர் நிற்க வேண்டுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. ஆனால் காலையில் மகளை மறைத்துக் கூட்டிப்போக வந்தவர், மதியத்தில் தம் பெயரை அவள் பக்கத்தில் போடச் சொல்கிறார். அந்தத் தூரத்தை அவர் எங்கள் கண்முன்னால் நடந்து கடந்திருந்தார். அதை நான் எடைபோடவில்லை.

வடிவுதான் எடைபோட்டாள்.

"போடுதேன்பா. அப்போ அம்மா பேரையும் போடுவேன். இது அவங்களப் பத்தி எழுதினது."

அமலியின் விரல்கள் விசைப்பலகைமேல் காத்திருந்தன. கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகப்பனார் மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

வடிவு விழித்தாள்.

"இல்லப்பா."

"கேக்காம போடப் பாக்க. எங்கிட்டயும் கேக்கல, இந்தப் பிள்ளை ஒங்கிட்டயும் கேக்கல. நானும்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். பிறகு எழுந்து வேட்டியை உதறினார். "மொதல்ல அவகிட்ட கேளு. அவ சரின்னா போடு. அவ வேண்டாம்னா யாரு சொன்னாலும் போடாத. எந்திரி, ரயிலுக்கு நேரமாச்சு."

டி.சி.யைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முதல்வரிடம் நானும் தலைவரும் போய், திட்டப்பணி தொடரும், யாருடைய பெயரும் படமும் அவரவர் சம்மதமில்லாமல் போகாது என்று உறுதிசொல்லி வந்தோம்.

மறு திங்கட்கிழமை, வருகைப் பதிவு எடுக்கும் முன்பே வடிவு என் மேசையருகில் வந்து நின்றாள். செங்கோட்டை பாசஞ்சரில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அம்மாகிட்ட கேட்டேன் மிஸ்."

"என்ன சொன்னாங்க?"

"எழுதினதப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். எந்திரிச்சுப் போயி விளக்கேத்திட்டு வந்து, 'பேரு போட்டுக்கோ'ன்னாங்க. 'போட்டோ கீட்டோன்னு மட்டும் வந்திராத'ன்னுட்டாங்க."